பல் கடிப்பது இரவில், பழக வேண்டியது பகலில்

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கும் 34 வயதுப் பெண். ஓராண்டாகத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாகக் கணவர் சொல்கிறார். காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது, நெற்றிப்பொட்டு கனக்கிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கடைவாய்ப் பல் கூசுகிறது. மருந்துக்கடையில் விற்கும் மவுத்கார்டை வாங்கி மாட்டிக்கொண்டால் நின்றுவிடுமா? ஏழு வயது மகனும் இப்போது கடிக்கத் தொடங்கிவிட்டான். வயிற்றில் பூச்சி, மருந்து கொடு என்கிறார் மாமியார். அவர் சொல்வது சரியா?

முதலில் உங்கள் கடைவாய்ப் பல்லைப் பார்ப்போம், பூச்சியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மவுத்கார்டு பல்லைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது. தூக்கத்தில் கடிப்பதை ஒரே அடியாக நிறுத்தும் கருவியோ மாத்திரையோ இன்றுவரை கிடையாது. அதற்காகக் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. கடியின் வேகத்தைக் குறைக்கலாம், சேதத்தைத் தடுக்கலாம், காலை வலியைப் பெரும்பாலும் போக்கிவிடலாம். அந்த வேலையில் முக்கால் பங்கு பகலில் நடக்க வேண்டியது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நான் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பல் உறை, கழற்றி மாட்டும் பல்வரிசை, இரவில் பல்லின்மேல் மாட்டும் காப்பு ஆகியவற்றைச் செய்துகொடுக்கும் பல் தொழில்நுட்பர். இங்கே உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடத்தில் 23 ஆண்டுகள். எனக்கு முகங்கள் தெரியாது, பல்வரிசைகள்தான் தெரியும். பல் கடிப்பவரின் வார்ப்பை மேசையில் வைத்த உடனேயே அடையாளம் சொல்லிவிடலாம். கோரைப்பல்லின் கூர்மை போய் நுனி தட்டையாக இருக்கும். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கையில் எடுத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால், ஓரிடத்தில் இரண்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தி உட்காரும். சாப்பிடும்போது யாருடைய தாடையும் அந்த இடத்துக்குப் போகாது. இரவில் மட்டும் போகிற இடம் அது.

இதில் ஒரு வேடிக்கை. வேலைக்குச் சேர்ந்து ஆறாவது ஆண்டில், புதிதாக வந்த பையன் அச்சு எடுத்துப் பழகுவதற்கு என் வாயைக் கொடுத்தேன். கல்லாக இறுகிய வார்ப்பை அவன் கொண்டுவந்து வைத்தபோது, "யாருடையது இது, அரைத்தே தள்ளியிருக்கிறாரே?" என்று கேட்டேன். "உங்களுடையதுதான் அண்ணே" என்றான். அம்மியில் காய்ந்த மல்லியை நசுக்குவதுபோலச் சத்தம் வருகிறது என்று என் மனைவி அதற்கு முன்பே பலமுறை சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. கடிப்பவருக்கு அது கேட்பதில்லை. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தூக்கம் போகும்.

தூக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், ஏன் மனவுறுதியால் இதை நிறுத்த முடியாது என்பதும் புரிந்துவிடும். நாம் இரவு முழுவதும் ஒரே சீராகத் தூங்குவதில்லை. மூளை அவ்வப்போது சில நொடிகள் விழிப்பின் விளிம்பு வரை வந்து திரும்பும். காலையில் அது நினைவில் இருக்காது. அந்தச் சில நொடிகளில் இதயத்துடிப்பு கூடுகிறது, மூளையலை வேகமெடுக்கிறது, அடுத்த கணம் தாடைத் தசைகள் தாளக்கட்டோடு சுருங்கி விரிகின்றன. பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் இல்லாமல், மேலோட்டமான தூக்கத்தில்தான் இது நடக்கும். பல்லே கடிக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் இந்தத் தாடை அசைவு இலேசாக உண்டு. நமக்கு அது அடிக்கடியும் பலமாகவும் வருகிறது, பல்லோடு பல் உரசுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. விழித்திருக்கும்போது வலித்தால் நிறுத்திவிடுவோம். தூக்கத்தில் அந்தக் காவல்காரன் இருப்பதில்லை. சிலர் விழித்திருக்கும்போது முழு பலத்தோடு கடித்துக்காட்டும் விசையைவிடத் தூக்கத்தில் அதிகமாகக் கடிப்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது.

இது அரிதான கோளாறு என்று பயப்பட வேண்டாம். 1994-இல் கனடாவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், பெரியவர்களில் 8 விழுக்காட்டினர் தூக்கத்தில் பல் கடிப்பதாகச் சொன்னார்கள். 18 முதல் 29 வயது வரை 13 விழுக்காடு, 60 வயதைத் தாண்டியவர்களில் 3 விழுக்காடு. வயது ஏற ஏறத் தானாகவே குறைகிற விஷயம். பல்வரிசை கோணலாக இருப்பதால்தான் கடிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் பல் மருத்துவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எத்தனையோ பேருடைய நல்ல பற்களை ராவி மட்டம் செய்தார்கள். இன்று அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டார்கள். தொடங்குமிடம் பல் இல்லை, மூளை. ஆகவே யாராவது உங்கள் பல்லை ராவிச் சரிசெய்தால் கடி நின்றுவிடும் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். எனாமல் மறுபடி வளராது.

சரி, பகலுக்கு வருவோம். நம் மொழியிலேயே ஒரு வழக்கு இருக்கிறது, "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்". நாமும் அதை அப்படியே செய்கிறோம். மின்னஞ்சலில் மேலதிகாரியின் பெயரைப் பார்த்ததும், பிள்ளை கணக்கில் தப்பு செய்யும்போது, பிஐஇ விரைவுச்சாலையில் யாரோ சமிக்ஞை காட்டாமல் உள்ளே நுழையும்போது. கோபமோ கவலையோ இல்லாவிட்டாலும்கூட, கவனம் குவிந்தாலே போதும், பற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். நான் பூதக்கண்ணாடிக்குக் கீழே உறையின் ஓரத்தைச் சீவும்போதெல்லாம் தாடையை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பதினைந்து ஆண்டுகள் தெரியாது. இதில் சத்தம் வராது. நறநறப்பு கிடையாது. அதனால் யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் மன அழுத்தத்தோடு நெருங்கிய தொடர்புடையது இரவு நறநறப்பைக் காட்டிலும் இந்தப் பகல் இறுக்கம்தான்.

ஒரு நாள் முழுவதும் சாப்பிடுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தால்கூட மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் சுமார் 20 நிமிடம்தான் என்று பல் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். முதன்முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாயை மூடினால் பற்களும் சேர்ந்துதானே மூடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. உதடுகள் மூடியிருக்க வேண்டும், பற்கள் சில மில்லிமீட்டர் பிரிந்திருக்க வேண்டும். அதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். பத்துப் பேரிடம் இப்படிக் கேட்டால் பாதிப் பேர் சட்டென்று தாடையைத் தளர்த்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

நாக்கை எங்கே வைப்பது என்பதற்குத் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. நமக்கு மூன்று 'ன' இருக்கிறதே! 'ந' சொன்னால் நாக்கு பல்லைத் தொடும். 'ண' சொன்னால் மடங்கி மேலே போகும். 'ன' சொன்னால், அதாவது 'அவன்' என்று சொல்லி அந்தக் கடைசி ஒலியில் நிறுத்தினால், நாக்கின் நுனி மேல்வரிசை முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டில் நிற்கும். அங்கேயே நாக்கை இலேசாக வைத்துக்கொண்டு உதடுகளை மட்டும் மூடுங்கள். இப்போது பற்களை ஒட்டவைக்க முயன்றால் அந்த முயற்சி உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் 'றன்னகரம்' என்று தமிழாசிரியை திருத்தித் திருத்திச் சொன்னது முப்பது ஆண்டு கழித்து என் தாடைக்கு உதவியது. நாக்கை அழுத்தக் கூடாது, பற்களைப் பிரித்து வைப்பதையே ஒரு வேலையாக்கித் தாடையை விறைத்துக்கொள்ளவும் கூடாது. சும்மா தொங்கவிட வேண்டும்.

தெரிந்துகொள்வது எளிது, நினைவில் வைப்பதுதான் கடினம். எனக்கு இதில் உதவியவர் எங்கள் கூடத்தின் மேற்பார்வையாளர், வயதான சீனர். என் விளக்கின் கழுத்தில் ஒரு நீலப் பொட்டு ஸ்டிக்கரை ஒட்டினார். "இதைப் பார்த்தால் பல்லைப் பிரி" என்றார், வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. பிறகு நானே வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் கணினித் திரையின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டேன். பயணத்துக்கு ஸ்டிக்கர்கூடத் தேவையில்லை. ஈசூனிலிருந்து நகரத்துக்கு ரயிலில் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூடும் ஒலி வரும். அந்த ஒலி கேட்கும்போதெல்லாம் ஒருமுறை தாடையைப் பாருங்கள்: ஒட்டியிருந்தால் மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி தளர்த்துங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் வருவதற்குள் பதின்மூன்று தடவை ஆகிவிடும். முதல் வாரத்தில் எத்தனை முறை பிடிபடுகிறீர்கள் என்று எண்ணினால் எரிச்சல்தான் வரும், எண்ணாதீர்கள். எனக்கு மூன்றாவது வாரத்திலிருந்து மாலைத் தலைவலி குறைந்தது. ஸ்டிக்கர் கண்ணுக்குப் பழகிப் போய்விடும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும்.

பகலில் தாடை ஓய்வெடுத்தால் இரவில் நறநறப்பு நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டும் வேறு வேறு வழியில் வருபவை. ஆனால் பகல் முழுவதும் உழைத்துக் களைத்த தசை இரவிலும் உழைத்தால்தான் காலையில் அந்த வலி. பகல் பங்கை எடுத்துவிட்டால் மிச்சத்தை உடம்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

இரவுப் பங்கைக் கூட்டிவிடுகிற சிலவற்றை நீங்களே குறைக்கலாம். காப்பியைச் சொன்னால் எல்லாருக்கும் முகம் சுருங்குகிறது. காப்பியில் இருக்கும் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் காப்பிக்கடையில் ஒரு 'கோப்பி ஓ கெட்டி' (பால் சேர்க்காத கடுங்காப்பி) குடித்தால், இரவு 10 மணிக்கும் அதில் பாதி உள்ளே இருக்கிறது. காலையில் இரண்டு குடியுங்கள், ஆனால் மதியத்துக்குப் பிறகு வேண்டாம். தே தாரிக்கும் இதில் அடக்கம், தேநீர்தானே என்று விலக்கு கிடையாது. மதுவும் அப்படியே. குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பார்கள். வரும், ஆனால் பின்னிரவில் அந்தத் தூக்கம் துண்டுதுண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் தாடைக்கு ஒரு வாய்ப்பு. புகைப்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் அதிகம் காணப்படுகிறது.

அடுத்து மருந்து. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ரலின், பராக்செட்டின், வென்லாஃபேக்சின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பைத் தொடங்கிவைக்கும் அல்லது கூட்டிவிடும். கவனக்குறைபாட்டுக் கோளாறுக்குத் (ADHD) தரும் மெத்தில்ஃபெனிடேட்டும் அப்படிச் செய்வதுண்டு. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் கடிப்பும் தொடங்கியிருந்தால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் இத்தகைய மாத்திரை சாப்பிடுவதை மாமியாரிடம் மட்டுமல்ல, பல் மருத்துவரிடமும் மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அது பல்லைவிடப் பெரிய ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால், அளவையோ மருந்தையோ மாற்ற அவருக்கு வழி இருக்கும்.

குறட்டையை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி மீள்வது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுவது, இவை இருந்தால் பல் கடிப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் தூக்க மூச்சுத்தடைக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த நோயும் பல் கடிப்பும் பலரிடம் சேர்ந்தே இருக்கின்றன. மேல்தாடையில் மாட்டும் சாதாரண இரவுக் காப்பு, மூச்சுத்தடை உள்ள சிலருக்கு அந்தத் தடையை மோசமாக்கியதை 2004-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் காப்பு செய்து பிழைக்கும் நானே இதைச் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள். நடு இரவில் என்ன நடக்கிறது என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நறநறப்பைக் கேட்டவருக்குக் குறட்டையும் கேட்டிருக்கும்.

இப்போது என் தொழில். மருந்துக்கடை மவுத்கார்டு வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து வடிவமாக்கும் மென்மையான பிளாஸ்டிக். ஓரிரு வாரம் சமாளிக்க அது பரவாயில்லை. ஆனால் மெத்தென்று எதையாவது பல்லுக்கிடையில் வைத்தால் மெல்லத் தோன்றும், இல்லையா? சிலருக்கு இது இன்னும் அதிகமாகக் கடிக்கத் தூண்டுகிறது. எங்களிடம் வருகிற வேலை வேறு மாதிரி. மருத்துவர் அச்சு எடுப்பார், அல்லது இப்போதெல்லாம் சிறு கேமராவை வாய்க்குள் விட்டு வருடிப் படமெடுப்பார். நாங்கள் வார்ப்பு செய்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் தாடையின் அசைவைப் போலவே இயங்கும் ஒரு கருவியில் பொருத்துவோம். பிறகு கடினமான அக்ரிலிக்கில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்பில் காப்பைச் செதுக்குவோம். பளபளப்பாக இருப்பது முக்கியமில்லை. எதிர்வரிசைப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் அதன்மேல் உட்கார வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், எங்கேயும் பூட்டக் கூடாது. இதை மருத்துவர் நாற்காலியில் வைத்து நிறத்தாளைக் கடிக்கச் சொல்லித் திருத்துவார். மாட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவைத்தால், பாதி வேலைதான் நடந்திருக்கிறது. நான் காப்பு போட்டுக்கொண்ட முதல் இடத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் வலிக்கத் தொடங்கியது. எனக்குத் தொழில் தெரியும் என்பதால் உயரமாக இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். உங்களுக்கு அப்படி இருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

முன்பல்லை மட்டும் மூடும் குட்டிக் காப்புகளும் உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். எனக்கு அவை பிடிக்காது. பின்பற்களுக்கு எதிரே எதுவும் தொடாமல் மாதக்கணக்கில் விட்டால் பற்கள் மெல்ல மேலெழும், கடி மாறிப்போகும். முழு வரிசையையும் மூடுவதைத்தான் கேளுங்கள்.

காப்பின் பலன் எவ்வளவு என்று கேட்டால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2007-இல் வெளியிட்ட மதிப்பாய்வு சொன்னதைச் சொல்கிறேன்: தூக்கத்தில் பல் கடிப்பதைக் காப்பு குணப்படுத்துகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை, பல் தேய்வதைத் தடுப்பதில் பயன் இருக்கலாம். என் மேசை அனுபவமும் அதேதான். ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் பழுதுபார்க்க வரும் காப்புகளில் பள்ளம் விழுந்திருக்கும், சில விரிந்துபோயிருக்கும். அந்தப் பள்ளம் பல்லில் விழுந்திருக்க வேண்டியது. ஒரு உறை உடைந்து திரும்பச் செய்ய ஆகும் செலவை நினைத்தால், காப்பு தேய்ந்தது இலாபம்தான்.

முதல் சில இரவுகள் எச்சில் ஊறும், பேச்சு குழறும், தூக்கத்தில் கழற்றி எறிந்திருப்பீர்கள். ஒரு வாரத்தில் பழகும். காலையில் கழற்றியதும் கடி சற்று மாறியதுபோல் இருந்து சில நிமிடத்தில் சரியானால் கவலையில்லை. நாள் முழுக்க அப்படியே இருந்தால் போடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கழுவுவதற்குக் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான தூரிகையும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும். பற்பசை அதைக் கீறிவிடும், வெந்நீர் வளைத்துவிடும். மெல்லிழைத்தாளில் சுற்றி வைக்கவே வைக்காதீர்கள். காப்பு உடைந்து வந்தவர்களைவிட, குப்பை என்று நினைத்துக் குப்பைக்குழாயில் போட்டுவிட்டோம் என்று மறு ஆர்டர் கொடுத்தவர்கள் எனக்கு அதிகம் நினைவிருக்கிறார்கள்.

தாடைத் தசையில் போடும் போடாக்ஸ் ஊசி பற்றியும் கேட்பார்கள். அது தசையைத் தளர்த்துவதால் கடியின் வலு குறையும், கடிக்கும் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது. மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும். முகம் ஒல்லியாகும் என்று ஆசை காட்டி விற்பதால் மருத்துவமா அலங்காரமா என்ற கோடு மங்கிவிடுகிறது. திரும்பத் திரும்பப் போட்டால் தாடை எலும்பு மெலியுமோ என்ற கேள்வியும் இருக்கிறது. மற்றதெல்லாம் செய்து பார்த்தும் வலி தாங்காதவர்களுக்குச் சிறப்பு மருத்துவர் முடிவெடுக்கட்டும். மக்னீசிய மாத்திரையை நம்பிப் பணம் செலவிட நான் சொல்லமாட்டேன்.

காலை வலிக்கு: வெதுவெதுப்பான ஈரத்துண்டைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பிறகு காதுக்கு முன்னால், பல்லைக் கடித்தால் உருளும் அந்தத் தசையை விரல்நுனியால் மெல்ல வட்டமாகத் தேய்த்து விடுங்கள். வலி ஆறும்வரை முறுக்கும் தட்டையும் பனிக்கட்டி மெல்லுவதும் வேண்டாம்; ஊரிலிருந்து வந்த கொட்டைப்பாக்கும் வேண்டாம். சூயிங்கம் இங்கே 1992 முதல் விற்பனைக்கு இல்லை, 2004-க்குப் பிறகு மருத்துவப் பயனுள்ளவை மட்டும் மருந்தாளர், பல் மருத்துவர் வழியாகக் கிடைக்கின்றன. தாடை வலிக்காரர்களுக்கு அரசாங்கம் தெரியாமல் செய்த நன்மை என்று நான் கிண்டலாகச் சொல்வதுண்டு.

வாயை மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்க முடியவில்லை, தாடை பூட்டிக்கொள்கிறது, கடித்த கடியைத் தளர்த்தும்போது ஒரு பல்லில் மட்டும் சுருக்கென்று குத்துகிறது என்றால் நாள் கடத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னது பல்லில் விரிசல் விழுந்ததற்கான அடையாளம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும் மெல்லும்போது தாடை வலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது பல் விஷயமே இல்லை. மாடி ஏறும்போது தாடை வலித்து மார்பும் இறுகினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

எங்கே போவது? உங்கள் கூச்சம் தேய்மானத்தாலா, விரிசலாலா, சொத்தையாலா என்பதை ஒரு பல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆகவே காப்பு வாங்கும் முன் அதைப் பாருங்கள். அருகிலுள்ள பல் மருந்தகமே போதும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால் ஊட்ரம் வளாகத்தில் இருக்கும் தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் மானியக் கட்டணத்தில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம், வரிசை மட்டும் நீளம். தனியாரிடம் கடினக் காப்புக்குச் சில நூறு வெள்ளி ஆகும். சாஸ் (மருத்துவ மானிய) அட்டை இருந்தால் அது காப்புக்குப் பொருந்துமா, திருத்துவதற்காக மறுமுறை வரும் கட்டணம் விலையில் சேர்ந்ததா என்று அச்சு எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அச்சு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டால் பிறகு பேரம் கிடையாது.

இனி பூச்சி. என் பாட்டியும் இதையேதான் சொன்னார், உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடற்புழுதான் பல் கடிக்க வைக்கிறது என்பதற்கும், மருந்து கொடுத்தால் நின்றுவிடும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. இரவில் ஆசனவாய் அரிக்கிறது, நூல்போல் வெள்ளைப் புழு தெரிகிறது என்றால் அதற்காக மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுங்கள், பல்லுக்காக வேண்டாம். ஏழு வயதில் பால்பல்லும் புதுப்பல்லும் கலந்திருக்கும். அந்த வயதில் கடிப்பது பெரியவர்களைவிடச் சாதாரணம், பதின்ம வயதுக்குள் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் அவனுக்குக் காப்பும் பொதுவாகச் செய்வதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்பதை. அப்படியென்றால் டான்சிலோ மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டோ வீங்கி மூச்சை அடைக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கட்டும். இல்லையென்றால் பள்ளிப் பல் மருந்தகத்தில் அவன் முறை வரும்போது தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கைப்பேசியையும் துணைப்பாட நூலையும் எடுத்து வைத்துவிடுங்கள். கதை சொல்லும் வேலையை மாமியாரிடம் கொடுத்தால், பூச்சி மருந்து கொடுக்கவில்லையே என்ற அவர் மனக்குறையும் கொஞ்சம் ஆறும்.